போங்கு ஆட்டம்: ஒரு குட்டி வரலாறு

"சும்மா ஜாலிக்குத்தானே மச்சி, இதுக்குப் போய் எதுக்கு டென்ஷன்?"

இணையத்தில் நாலு பேரோடு சேர்ந்து விளையாடுகிற எவரும் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் போங்கு ஆடி மாட்டிக்கொண்டவராக இருப்பார். கேட்டுக்கொண்டு நிற்கிறவர் அந்தப் போட்டியை நடத்துகிறவராக இருப்பார் :-)

யார் அந்த நடத்துகிறவர்? திண்டுக்கல், சின்னாளபட்டி, வேடசந்தூர் என்று எந்த ஊர் ஹாஸ்டலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு 'கஸ்டம் ரூம்' மேட்ச் என்றால் அதற்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து பெயர்ப் பட்டியல் எழுத வேண்டும். அணி பிரிக்க வேண்டும். ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். "எனக்கு வரலை", "நெட் போயிடுச்சு, மறுபடி ஆரம்பி" என்கிற புலம்பல்களைக் கேட்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஸ்க்ரீன்ஷாட் பார்த்துப் புள்ளிக் கணக்குப் போட வேண்டும். இத்தனைக்கும் சம்பளம் கிடையாது. பல நாள் அவரால் விளையாடவும் முடியாது. கடைசியில் கிடைப்பது "நீ அவனுக்கு சப்போர்ட் பண்ற" என்கிற பட்டம்தான்!

இவரைப் போன்றவர்களுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. கம்ப்யூட்டருக்கும் முந்தைய வரலாறு. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், 'ஜாலிக்குத்தானே' என்கிற வாதம் ஏன் எப்போதும் தோற்கிறது என்று புரியும்.

தெருவில் எழுதிய சட்டம்

கபடியோ கிளித்தட்டோ, தெருவில் ஆட்டம் ஆரம்பிக்கும் முன் அணி பிரிக்க வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கண்டுபிடித்த அருமையான வழி 'உத்தி பிரித்தல்'. ஏறக்குறைய சம பலமுள்ள இருவர் தோளில் கை போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போவார்கள். ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒருவன் சூரியன், இன்னொருவன் சந்திரன். திரும்பி வந்து இரண்டு தலைவர்களிடமும் "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" என்பார்கள். யார் சூரியன் என்று தலைவருக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொல்வார். அவ்வளவுதான், ஜோடி பிரிந்துவிடும்!

இதில் இருக்கும் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள். சம பலமுள்ளவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவதால் அணிகள் சமமாகின்றன. தலைவருக்கு ஆள் தெரியாது என்பதால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சே இல்லை. இன்றைய இணைய விளையாட்டுகள் 'ரேங்க்' பார்த்து ஆள் சேர்ப்பதும் இதே வேலையைத்தான். அதற்கு அடிப்படையான எண் கணக்கை அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் ஈலோ சதுரங்கத்துக்காக உருவாக்கினார். உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1970-ல் அதை ஏற்றுக்கொண்டது. தெருப்பிள்ளைகள் கணக்கே போடாமல் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

அடுத்தது 'ஒப்புக்குச் சப்பாணி'. அக்காவோடு கூடவே வந்த சின்னப் பையனை விரட்டவும் முடியாது, ஆட்டத்தில் சேர்த்தால் ஆட்டம் கெட்டுவிடும். அதனால் அவனையும் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் அவன் அவுட் ஆனாலும் கணக்கில் வராது. அவனுக்கும் சந்தோஷம், ஆட்டத்துக்கும் பங்கமில்லை. சந்தோஷத்துக்கு ஒரு விதியும் நியாயத்துக்கு ஒரு விதியும் தனித்தனியாக எழுதி, இரண்டையும் ஒரே ஆட்டத்தில் வைத்தார்கள்.

மூன்றாவது, அழுகுணி ஆட்டம். அவுட் ஆனவன் "இல்லை, நான் அவுட் இல்லை" என்று சாதிப்பது. இதற்கு போலீசும் கிடையாது, அபராதமும் கிடையாது. "நாளைக்கு உன்னைச் சேத்துக்க மாட்டோம்" என்ற ஒரே தண்டனை. அது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தெருவை விட்டு அவன் எங்கே போவான்?

கூட்டம் பெரிதாகி, முகம் தெரியாதவர்களும் ஆட வந்தால் இந்த ஏற்பாடு போதாது. அப்போதுதான் நடுவில் நிற்க ஒருவர் தேவைப்படுகிறார். திண்டுக்கல் பக்கம் அதற்குப் பெரிய உதாரணம் ஜல்லிக்கட்டு.

வாடிவாசலில் நிற்பவர்கள்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கொசவபட்டி, புகையிலைப்பட்டி, நத்தமாடிப்பட்டி போன்ற ஊர்களில் ஜல்லிக்கட்டு தேவாலயத் திருவிழாவை ஒட்டி நடக்கும். வேறு பல ஊர்களில் பொங்கலையோ கோயில் திருவிழாவையோ ஒட்டி நடக்கும். சாமி எதுவானாலும் நடத்துவது ஊர் விழாக் கமிட்டி. காளைகளுக்கு டோக்கன், வீரர்களுக்கு எண் போட்ட சட்டை, பரிசாக வரும் அண்டா, கட்டில், பீரோ, சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொறுப்பு இவர்கள்தான். வேலையை விட்டுவிட்டு வாரக்கணக்கில் அலைவார்கள். யாருக்கும் இது சம்பள உத்தியோகம் கிடையாது.

வாடிவாசலில் முதலில் கோயில் காளை வெளியே வரும். அதை யாரும் பிடிக்கக் கூடாது. பிறகுதான் போட்டி. ஒரு காளையை ஒருவர்தான் பிடிக்க வேண்டும், திமிலைத்தான் பிடிக்க வேண்டும், கொம்பையோ வாலையோ தொடக் கூடாது. இருவர் சேர்ந்து அணைந்தால் பரிசு இல்லை. ஒலிபெருக்கியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மாடு பிடிபடாமல் போனால் "மாடு ஜெயிச்சிருச்சு" என்று அறிவித்துப் பரிசை மாட்டுக்காரரிடம் கொடுப்பார்கள். எதிராளி மாடாக இருந்தாலும் ஜெயித்தால் ஜெயித்ததுதான்!

ஊர்ப் பழக்கமாக இருந்த இந்த விதிகள் மெல்ல மெல்லச் சட்டமாயின. 2009-ல் தமிழ்நாடு அரசு ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்தும் சட்டம் கொண்டுவந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமிழகத்தின் பல ஊர்களிலும் மாணவர்கள் திரண்டார்கள். அந்த மாதமே தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இவ்வளவு சட்டம் வந்த பிறகும் போங்கு ஒழிந்ததா? 2021-ல் அலங்காநல்லூரில் முதல் பரிசு அறிவிக்கப்பட்ட வீரர் மீது ஒரு புகார் எழுந்தது. நடுவில் இன்னொருவருடைய எண் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு களத்தில் இருந்தார், இரண்டு பேர் பிடித்த மாடுகள் ஒரே எண்ணின் கணக்கில் சேர்ந்துவிட்டன என்பதுதான் புகார். விசாரணை வரைக்கும் போனது. இணைய விளையாட்டுக்காரர்களுக்கு இது உடனே புரியும். ஒருத்தன் ஐடியில் இன்னொருத்தன் வந்து ஆடுவது! மைதானம்தான் வேறு.

மந்திரவாதிகள் வந்த கதை

சரி, இனி கம்ப்யூட்டர் பக்கம் போவோம். 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் ட்ரப்ஷா, பலர் ஒரே நேரத்தில் புகுந்து விளையாடும் ஒரு கற்பனை உலகத்தை எழுதத் தொடங்கினார். பெயர் 'மட்'. பிறகு இன்னொரு மாணவர் ரிச்சர்ட் பார்ட்டில் அதை எடுத்து வளர்த்தார். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். "நீ ஒரு குறுகிய பாதையில் நிற்கிறாய்" என்று திரையில் வரும், நீங்கள் பதில் தட்ட வேண்டும். பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் ராத்திரி நேரத்தில் வெளியாட்களும் தொலைபேசி வழியாக வந்து விளையாட அனுமதித்தார்கள்.

முகம் தெரியாதவர்கள் கூடியதும் தெருவில் இல்லாத சிக்கல் வந்தது. யார் பஞ்சாயத்து பண்ணுவது? மட் கண்டுபிடித்த பதில் அழகானது. போதுமான புள்ளிகள் சேர்த்து உச்சிக்குப் போன ஆட்டக்காரர் 'மந்திரவாதி' ஆகிவிடுவார். அவருக்கு மரணமில்லை, மற்றவர்களுக்கு இல்லாத சக்திகள் உண்டு. அதே சமயம், அவருக்கு ஜெயிக்க இனிமேல் எதுவும் பாக்கி இல்லை. மற்றவர்களின் ஆட்டத்தைக் கவனித்துக்கொள்வதுதான் அவருடைய ஆட்டம். நடுவராக நிற்பவருக்கு அந்த ஆட்டத்தில் லாபம் எதுவும் இருக்கக் கூடாது என்ற விதியை விளையாட்டுக்கு உள்ளேயே பொதித்துவிட்டார்கள்.

இந்த மந்திரவாதிகளுக்குள் ஒரு நாள் பெரிய விவாதம் கிளம்பியது: "ஆட வருகிறவர்களுக்கு உண்மையில் என்னதான் வேண்டும்?" 1989-லிருந்து 1990 வரை மாதக்கணக்கில் நடந்த அந்த விவாதத்தை வைத்து பார்ட்டில் 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டக்காரர்களில் நான்கு வகை உண்டு என்றார். சாதிக்க வருகிறவர், சுற்றிப் பார்க்க வருகிறவர், பழக வருகிறவர், மற்றவர்களைச் சாய்க்க வருகிறவர். நால்வருக்கும் 'ஜாலி' என்றால் நான்கு அர்த்தம். "ஜாலிக்குத்தானே" என்று ஒருவர் சொல்லும்போது அவருடைய ஜாலியை மட்டும்தான் சொல்கிறார் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

உழைத்தது யார், உடைமை யாருக்கு?

1992 ஜனவரியில் 'இன்டர்நெட் செஸ் சர்வர்' பிறந்தது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் இன்னொரு மூலையில் இருப்பவரோடு சதுரங்கம் ஆடலாம், இலவசமாக. தொடங்கியவர்கள், நிரல் எழுதியவர்கள், இடம் கொடுத்தவர்கள், சண்டை தீர்த்தவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள்.

அங்கே வந்த முதல் நியாயப் பிரச்சினை 'லேக்'. கடிகாரம் வைத்து ஆடும் ஆட்டத்தில், காய் நகர்த்திய செய்தி சர்வருக்குப் போய்ச் சேர ஐந்து விநாடி ஆனால் அந்த ஐந்து விநாடி யார் கணக்கில்? மெதுவான இணைப்பு வைத்திருப்பவன் யோசிக்காத நேரத்துக்கும் பணம் கட்டுவது மாதிரி ஆகிவிடும். நிர்வாகப் பொறுப்புக்கு வந்த கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் ஸ்லீட்டர் இதற்கு ஒரு தீர்வு செய்தார். ஆடுபவர் எப்போது காய் நகர்த்தினார் என்பதை அவருடைய கம்ப்யூட்டரிலேயே குறித்து அனுப்பி, வழியில் ஆன தாமதத்தைக் கழிக்கிற ஏற்பாடு. நெட் மெதுவாக ஓடும் எந்த ஊர்க்காரருக்கும் இதன் அருமை தெரியும்!

ஆனால் 1995 மார்ச்சில் அதே ஸ்லீட்டர் அந்த சர்வரை 'இன்டர்நெட் செஸ் கிளப்' என்ற நிறுவனமாக்கி ஆண்டுக் கட்டணம் வைத்தார். சர்வரை நடத்தச் செலவு ஆகிறது என்பது அவர் பக்க நியாயம். எங்கள் இலவச உழைப்பில் வளர்ந்ததை எப்படித் தனியார் சொத்தாக்கலாம் என்பது தன்னார்வலர்களில் ஒரு பகுதியினரின் நியாயம். அவர்கள் பிரிந்து போய் இலவச சர்வர் ஒன்றை ஆரம்பித்தார்கள். இரண்டுமே பல ஆண்டுகள் ஓடின.

அதே பிரச்சினை அமெரிக்காவில் கோர்ட்டுக்கும் போனது. அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் அரட்டை அறைகளையும் விளையாட்டு அறைகளையும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கவனித்துக்கொண்டார்கள். பதிலுக்கு இணைப்பு இலவசம். வேலை நேரம், அறிக்கை, பயிற்சி என்று கட்டுப்பாடுகள் ஏற ஏற, "இது வேலைதானே, சம்பளம் எங்கே?" என்று 1999-ல் வழக்குப் போட்டார்கள். 2010-ல் 1.5 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. நியாயமாக ஆட வைக்கிறவருக்கே நியாயம் கிடைக்கவில்லை என்றால் என்ன பிரயோஜனம்?

ஒரு டிராகன், ஐம்பது பேர்

1999-ல் வந்த 'எவர்க்வெஸ்ட்' விளையாட்டில் டிராகன் போன்ற பெரிய எதிரியை வீழ்த்த ஐம்பது பேர் வரை சேர வேண்டியிருக்கும், மணிக்கணக்கில். டிராகன் செத்தால் கிடைப்பதோ இரண்டு மூன்று பொருட்கள். யாருக்குக் கொடுப்பது? தலைவரின் நண்பருக்கா? சீட்டுக் குலுக்கலா? நேற்று வந்தவனுக்கு அதிர்ஷ்டம் அடித்து, ஆறு மாதமாக வருகிறவன் வெறுங்கையோடு போனால் அடுத்த வாரம் வருவானா?

'ஆஃப்டர்லைஃப்' என்ற குழு அதே ஆண்டு ஒரு முறையைக் கொண்டுவந்தது. வந்து உழைத்த ஒவ்வொரு முறைக்கும் புள்ளி. பொருள் வேண்டும் என்றால் சேர்த்த புள்ளியைச் செலவு செய்து வாங்க வேண்டும். 'டிராகன் கில் பாயிண்ட்ஸ்' என்று பெயர். கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அந்த முறை மற்ற குழுக்களுக்கும் மற்ற விளையாட்டுகளுக்கும் பரவியது. நம்மூர் ஏலச்சீட்டுக்காரர்கள் பார்த்திருந்தால் "இதென்ன புதுசா?" என்று கேட்டிருப்பார்கள் :-)

அந்தப் புள்ளிக் கணக்கை நோட்டுப் போட்டு எழுதியது யார்? வேறு யார், குழுவில் ஒரு சம்பளமில்லாத மனிதர்தான். அவர் கை சுத்தமாக இருக்கும் வரை குழு இருந்தது.

நடுவரே ஆட்டக்காரர் ஆனால்...

2007-ல் அப்படி ஒரு கை அழுக்கானது, அதுவும் பெரிய இடத்தில். ஐஸ்லாந்து நாட்டின் சிசிபி நிறுவனம் நடத்தும் 'ஈவ் ஆன்லைன்' ஒரு விண்வெளி விளையாட்டு. கூட்டணிகள், போர்கள், வியாபாரம் எல்லாம் உண்டு. அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே தான் சேர்ந்திருந்த கூட்டணிக்கு அரிய வரைபடங்களை முறைகேடாகக் கொடுத்தார் என்பது வெளியே வந்தது. எதிரணிகள் கொதித்துவிட்டன. ஆண்டுக்கணக்கில் கட்டிய சாம்ராஜ்யங்கள் அல்லவா!

நிறுவனம் தன் ஊழியர்களையே கண்காணிக்க ஒரு உள்பிரிவு வைத்தது. 2008-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றத்தை அமைத்தது. அதன் உறுப்பினர்களுக்குச் சம்பளம் இல்லை. ஐஸ்லாந்துக்கே போய் நிறுவனத்தாரோடு உட்கார்ந்து ஆட்டக்காரர்களின் குறைகளைப் பேசினார்கள். மட் விளையாட்டின் மந்திரவாதிகளுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்த விஷயத்தை இவர்கள் அடிபட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

திண்டுக்கல் பூட்டு போதுமா?

"இதெல்லாம் எதுக்கு? கம்ப்யூட்டரே போங்கு கண்டுபிடிக்காதா?" என்று கேட்கலாம். கண்டுபிடிக்கும், ஓரளவுக்கு. 2002-ல் வால்வ் நிறுவனம் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' விளையாட்டில் திருட்டு மென்பொருளைப் பிடிக்கும் காவல் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சுவரைத் தாண்டிப் பார்ப்பது, தானே குறி பார்த்துச் சுடுவது போன்ற போங்குகளுக்கு அது பூட்டு.

பூட்டைப் பற்றித் திண்டுக்கல்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கையால் செய்யும் அந்த ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும் சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. வீட்டுக்குள்ளேயே இருப்பவனை அது ஒன்றும் செய்யாது என்பது இன்னொன்று.

2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஆசியப் போட்டி ஒன்றில் இது நடந்தது. இந்தியாவிலிருந்து போன 'ஆப்டிக் இந்தியா' கவுண்டர் ஸ்ட்ரைக் அணியில் ஒருவர் தன் கம்ப்யூட்டரில் குறி பார்த்துக் கொடுக்கும் மென்பொருளை ஓட்டிக்கொண்டிருந்தார். வேர்ட் கோப்பு மாதிரி அதற்குப் பெயர் வைத்திருந்தார். மென்பொருள் பூட்டு கோட்டை விட்டது. நேரில் நின்று கவனித்த போட்டி அலுவலர்கள்தான் பிடித்தார்கள். அணி வெளியேற்றப்பட்டது, அந்த வீரருக்கு ஐந்தாண்டுத் தடை. அதோடு முடியவில்லை. மற்ற நான்கு பேரும் வேலை இழந்தார்கள், ஏனென்றால் நிறுவனம் அந்த அணியையே கலைத்துவிட்டது. ஒருவனுடைய போங்குக்கு முதலில் பலியாவது எதிரணி என்று நினைக்கிறோம். பல சமயம் பக்கத்து நாற்காலியில் இருக்கிற நண்பன்தான்.

சதுரங்கத்தில் இரண்டு தீர்ப்புகள்

2020-ல் கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது சதுரங்க ஒலிம்பியாட் முதல் முறையாக இணையத்தில் நடந்தது. 12 பேர் கொண்ட இந்திய அணியில் விஸ்வநாதன் ஆனந்த், பிரக்ஞானந்தா, வைஷாலி ஆகியோர் இருந்தார்கள். விதித் குஜராத்தி தலைவர். ஆகஸ்ட் 30 அன்று இறுதிப் போட்டி, எதிரே ரஷ்யா. இரண்டாவது சுற்றின் நடுவில் உலகளவில் ஓர் இணையத் தடங்கல். நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் இருவரின் இணைப்பும் போய், கடிகாரம் ஓடி, தோல்வி என்று ஆனது. முதலில் ரஷ்யா வெற்றி என்று வந்தது. இந்தியா முறையிட்டது. உலகக் கூட்டமைப்பின் தலைவர் அர்காடி த்வோர்கோவிச், அவரே ஒரு ரஷ்யர், இரண்டு நாட்டுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

நமக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் கதையின் மறுபாதியும் இருக்கிறது. இரண்டு நாள் முன்பு காலிறுதியில் இந்தியாவோடு மோதிய ஆர்மீனியாவின் வீரர் ஒருவரும் இணைப்புப் போய்த் தோற்றார். அவர்களும் முறையிட்டார்கள். சர்வர் பக்கம் கோளாறு இல்லை என்று சொல்லி முறையீடு தள்ளுபடியானது. ஆர்மீனியா போட்டியை விட்டே விலகியது. இரண்டும் ஒன்றல்ல, ஒன்று ஒரு வீட்டுக்குள் நடந்தது, மற்றது உலகம் முழுக்க நடந்தது என்று வாதாடலாம். இருந்தாலும் ஆர்மீனியக்காரர் பக்கம் உட்கார்ந்து யோசித்தால் மனசு கொஞ்சம் உறுத்தும். தோற்றவரின் நாற்காலியிலிருந்து பார்த்தாலும் சரியாகத் தெரிகிற தீர்ப்பைத் தருவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அடுத்த ஆண்டே ஜாலிக்கும் சோதனை வந்தது. 2021 ஜூன் 13 அன்று கொரோனா நிவாரணத்துக்கு நிதி திரட்ட ஆனந்த் பிரபலங்களோடு இணையத்தில் ஒரே நேரத்தில் ஆடினார். ஒரு இளம் தொழிலதிபர் உலக சாம்பியனாக இருந்தவரையே தோற்கடித்துவிட்டார்! ஊரே வாய் பிளந்தது. மறுநாள், ஆட்கள் உதவியும் கம்ப்யூட்டர் உதவியும் இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். தர்மத்துக்காக, ஜாலிக்காக நடந்த நாள் என்பது அவர் விளக்கம். பலகையில் இருந்ததை மட்டும் பார்த்து ஆடினேன், எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்தேன் என்பது ஆனந்தின் பதில்.

பணம் நல்ல காரியத்துக்குத்தான் போனது. யாருக்கும் பதக்கம் போகவில்லை. பின் என்ன நஷ்டம்? அன்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஜாலிதான் நஷ்டம். ஒரு சாதாரண ஆட்டக்காரர் ஆனந்தோடு மல்லுக்கட்டித் தோற்பதில்தான் அன்றைய சுவாரசியமே. கம்ப்யூட்டரோடு ஆனந்த் ஆடுவதைப் பார்க்க யாரும் வரவில்லை. நியாயம் போன இடத்தில் ஜாலியும் தங்குவதில்லை.

ரூம் போடுகிறவருக்கு

2025 ஆகஸ்டில் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை, ஈ-ஸ்போர்ட்ஸுக்குத் தனி அங்கீகாரம் என்பது அதன் சாரம். சூதை நிறுத்துவது சட்டத்தின் வேலை. ஆனால் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நடக்கும் பதினாறு பேர் போட்டியில் நியாயம் பார்க்க எந்தச் சட்டமும் வராது. அங்கே ரூம் போடுகிறவர்தான் சட்டம், அவர்தான் நீதிபதி.

அவருக்கு வரலாறு சொல்லிக்கொடுப்பது நாலே நாலு விஷயம்.

ஒன்று, விதியை ஆட்டத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். முக்கியமாக 'நெட் போனால் என்ன' என்பதை. ஆட்டம் நடுவில் இருக்கும்போது எழுதும் விதி யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்துதான் தெரியும்.

இரண்டு, நடத்துகிற அன்று ஆடக் கூடாது. ஆள் குறைந்து ஆடித்தான் ஆக வேண்டும் என்றால் தன் ஆட்டம் சம்பந்தப்பட்ட புகாரை இன்னொருவரிடம் விட வேண்டும்.

மூன்று, கணக்கு எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்க வேண்டும். அணி பிரிப்பதும் அப்படியே. உத்தி பிரிக்க ஒரு காசு செலவில்லை!

நான்கு, புதிதாக வந்தவனுக்கு ஓர் இடம் வேண்டும். ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு ரவுண்டு ஆடவிட்டால், அடுத்த ரவுண்டில் அவன் நிஜ ஆட்டக்காரன். முதல் நாளே கேலி செய்து விரட்டினால் அடுத்த ஞாயிறு ஆள் பற்றாக்குறைதான்.

ஆடுகிறவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. அந்த ஒருவரை எல்லா வாரமும் நடுவராகவே உட்கார வைக்காதீர்கள். முறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை ரூம் போட்டுப் பார்த்தவன் அதற்குப் பிறகு "ஜாலிக்குத்தானே" என்று சொல்வது ரொம்பக் குறைவு.

கொசுறு: 2010-ல் திபோ டுப்ளெஸ்ஸி என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கிய 'லீசெஸ்' சதுரங்கத் தளம் இன்றும் முழுக்க இலவசம். விளம்பரமும் கிடையாது. நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும் ஓடுகிறது. அங்கே போங்கு பிடிக்க மென்பொருளும் உண்டு, மனிதர்களும் உண்டு. அந்த மனிதர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். 1995-ல் இலவச சர்வருக்காகப் பிரிந்து போனவர்களின் வாரிசுகள் என்று தாராளமாகச் சொல்லலாம்.